பொன்சிங் பெயருக்கு வரும் அபராதம்

ஜூன் 11, புதன்

மோட்டார் சரிசெய்கிறவன் இன்றும் வரவில்லை. கீரை, ரசம்.

சாயங்காலம் என் வீட்டுக்காரருடைய போனில் மெசேஜ் சத்தம். சமையல் கேஸ் புக்கிங் அந்த நம்பரில் இருக்கிறது. அதனால்தான் அவர் போய் ஒன்றரை வருடமாகியும் அந்தப் போனுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருக்கிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை. சிலிண்டர் என்று நினைத்து எடுத்துப் பார்த்தால், சென்னையிலிருந்து போலீஸ் அபராதம். வாகன உரிமையாளர் பொன்சிங். குற்றம், நோ பார்க்கிங்.

மனிதர் இருந்த காலத்தில் மஞ்சள் விளக்குக்கே வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களிடம் வசவு வாங்கியவர். இப்போது கல்லறைத் தோட்டத்தில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் படுத்திருக்கிறார். அவர்மேல் நோ பார்க்கிங் வழக்கு! சத்தமாகச் சிரித்துவிட்டேன். வீட்டில் வேறு ஆள் இல்லாததால் அந்தச் சிரிப்பு எனக்கே ஒரு மாதிரியாகக் கேட்டது.

யார் வேலை என்று தெரியாதா? அப்பாவை அடக்கம் பண்ணிய கையோடு காரைச் சென்னைக்கு ஓட்டிக்கொண்டு போனவன் என் மகன் கிப்சன். பேரை மாற்றிக்கொள்ளச் சொன்னதற்கு "மாத்திக்கிடலாம்மா" என்றான். நாளைக்குப் போன் போட்டு நன்றாகக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

காலையில் போட்டேன். "வேலையில இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டான். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

ரஹ்மத் கடைக்குப் போனேன். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள். அவளுடைய இரண்டு பிரசவத்துக்கும் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான் என்பதால், கூட்டம் எவ்வளவு இருந்தாலும் எனக்கு ஒரு ஸ்டூல் வந்துவிடும். மெசேஜைப் பார்த்து என்னென்னவோ தட்டினாள். திரையில் ஒரு போட்டோ வந்தது.

எங்கள் வெள்ளைக் கார், பின்பக்கமாக. கண்ணாடியில் அவர் ஒட்டிய பைபிள் வசன ஸ்டிக்கர் இன்னும் வலது பக்கம் சாய்ந்தே இருக்கிறது. ஒட்டும்போதே சொன்னேன், கேட்டால்தானே. ஸ்டிக்கருக்குப் பக்கத்தில், ஓட்டுகிற சீட்டில், ஒரு தலை. இரண்டு காதும் விடைத்துக்கொண்டு நிற்கின்றன. அப்பா காது. பிள்ளையைக் கடைசியாக நேரில் பார்த்தது போன கிறிஸ்துமஸுக்கு முந்திய கிறிஸ்துமஸில்.

"தம்பிக்கிட்ட சொல்லிக் கட்டச் சொல்லுங்க, சிஸ்டரம்மா" என்றாள் ரஹ்மத்.

"இல்ல, நீ இப்பவே கட்டிரு. அந்தப் படத்த ஒரு பிரிண்ட் எடு."

"ரசீது போதுமே?"

"கணக்குக்கு" என்றேன். எந்தக் கணக்குக்கு என்று அவள் கேட்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் கிப்சன் போன். ஞாயிறு தவறாமல் கூப்பிடுவான், அதைச் சொல்ல வேண்டும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வெயில் எப்படி. மருமகள் ஷைனியிடம் கொடு என்றேன். குளித்துக்கொண்டிருக்கிறாளாம். பேத்தி அனிலா தூங்குகிறாளாம்.

அபராதத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 19, வியாழன்

இன்னொன்று. அதே தெரு. கட்டியாயிற்று. படம் முன்னதைவிடத் தெளிவு. முடி வெட்டியிருக்கிறான்.

ஜூன் 26, வியாழன்

மூன்றாவது. இந்தப் படத்தில் காருக்கு அந்தப் பக்கம் ஒரு சுவர், அதில் யானையும் கரடியும் வரைந்திருக்கிறது. ரஹ்மத் பெரிதாக்கிப் பார்த்துப் பெயரைப் படித்தாள். அனிலா படிக்கிற பள்ளிக்கூடம்! பிள்ளையைக் கூப்பிடத்தான் போய் நிற்கிறான். நல்ல தகப்பன். படத்தில் மணி மூன்று என்று போட்டிருக்கிறது, அந்த நேரத்துக்கு ஆபீஸில் எப்படி விடுகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். இந்தக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்கிறார்கள். அப்படி ஏதாவது இருக்கும்.

பின்சீட்டுக் கொக்கியில் நாலைந்து சட்டை தொங்குகிறது. லாண்டரியில் வாங்கிக்கொண்டு போகிறான் போல.

ஜூன் 29, ஞாயிறு

கிப்சன் போன். ஷைனி குளிக்கிறாள். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் என்று பேப்பரில் எழுதுகிறவர்கள் என் மருமகளைப் பார்த்ததில்லை.

ஜூலை 2, புதன்

புதன்கிழமை கிப்சனிடமிருந்து போன்! ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவளுக்கு நேரங்கெட்ட நேரத்து போன் என்றால் ஒரே அர்த்தம்தான்.

"ஒண்ணுமில்லம்மா. அப்பா வண்டியக் குடுத்துறலாம்னு இருக்கேன். பேர் மாத்தினாத்தான் விக்க முடியுமாம். பாரம் அனுப்புதேன், நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

"ஏம்ய்யா, நல்லாத்தான ஓடுது?"

"பெரிய வண்டி எடுக்கலாம்னு…"

அந்த "எடுக்கலாம்னு" அப்படியே இழுபட்டு நின்றது. வார்டில் ஒன்றும் வலிக்கவில்லை சிஸ்டர் என்று சொல்கிற ஆளிடம்தான் நான் இரண்டு முறை போய்ப் பார்ப்பேன். ஆனால் இவன் நோயாளி இல்லை, என் மகன். சரி என்று வைத்துவிட்டேன்.

ஷைனிக்குப் போட்டேன். எடுக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பாரம் கூரியரில் வந்தது. டிவிக்கு அடியில் வைத்தேன். கையெழுத்துப் போட்டாச்சா என்று மெசேஜ் அனுப்பியிருந்தான். கண்ணாடி உடைந்துபோயிற்று, புதிது போடக் கொடுத்திருக்கிறேன், கொஞ்ச நாள் ஆகும் என்று பதில் அனுப்பினேன். கண்ணாடி மூக்கில் இல்லாமல் அவ்வளவு நீள மெசேஜை எப்படி அடித்தேன் என்று அவன் யோசிக்கவில்லை. அப்பாவைப் போலவே வெகுளி.

கையெழுத்துப் போடுவதில் எனக்கு என்ன? ஒன்றுமில்லை. பேர் மாறினால் மெசேஜ் அவனுக்குப் போய்விடும். கார் போய்விட்டால் மெசேஜே வராது. அவ்வளவுதான்.

ஜூலை 10, வியாழன்

நான்காவது படம். பின்சீட்டில் தலையணை, சுருட்டி வைத்த போர்வை, ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் சோப்பு டப்பாவும் துண்டும்.

ரஹ்மத் என் முகத்தைப் பார்த்தாள், நான் திரையைப் பார்த்தேன். பெரியாஸ்பத்திரி வாசலில் எத்தனை வண்டி பார்த்திருக்கிறேன். உள்ளே ஆளைச் சேர்த்துவிட்டு வெளியே வாரக்கணக்கில் கிடப்பார்கள். வாளி வைத்திருக்கிற வண்டி லேசில் வீடு திரும்பாது.

"பீச்சுக்குப் போயிருப்பாங்க. பிள்ளை மண்ணுல புரளும், கழுவி விடணும்லா" என்றேன்.

"ஆமா சிஸ்டரம்மா" என்றாள் ரஹ்மத், சட்டென்று.

ராத்திரிக்கு இரண்டு இட்லி. ஒன்று மிச்சம்.

ஜூலை 13, ஞாயிறு

ஷைனி குளிக்கிறாள் என்றான். "குளிச்சி முடிக்கட்டும், நான் லைன்லயே இருக்கேன்" என்றேன். அந்தப் பக்கம் பஸ் சத்தம் கேட்டது. யாரோ வண்டியை நகர்த்தச் சொல்லி அதட்டுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்குள் ஏது பஸ்?

"அவ வர லேட்டாகும்மா."

"சரி. ஆகஸ்ட் மூணு அசனம். நினைவிருக்கா?"

"இருக்கும்மா. லீவு கிடைச்சா மூணு பேரும் வாரோம்."

வருடத்துக்கு ஒரு நாள் சர்ச்சில் ஊர் கூடிச் சாப்பிடுகிற அசனத்துக்கு வராத பிள்ளை இந்த ஊரில் கிடையாது. துபாயிலிருந்து விமானம் ஏறி வந்து, கோயில் வளாகத்து மண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரே குழம்பை ஊரோடு சேர்ந்து சாப்பிட்டுவிட்டு மறுநாள் திரும்புகிறவர்கள் உண்டு. போன வருடம் துக்க வீடு என்று அவன் வராததற்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இந்த வருடம் சொல்ல ஒன்றும் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

அபராதம் வரவில்லை. பழைய போனை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். சிக்னல் இருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

பிள்ளைக்கு அபராதம் விழவில்லையே என்று கலங்குகிற தாய் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். காய்ச்சலோ என்னவோ. யார் பார்ப்பார்கள்? இன்று ஜெபத்தில் முழங்கால் போட்டுக்கொண்டு, ஆண்டவரே அவனை நோ பார்க்கிங்கில் கொண்டுபோய் நிறுத்தும் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. திருத்தவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

வந்துவிட்டது. அதே சுவர், அதே யானை. தலை சீட்டில் சாய்ந்திருக்கிறது. மெலிந்திருக்கிறான், காது இன்னும் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் இருக்கிறான்.

ரஹ்மத்துக்கும் எனக்குமாக இரண்டு டீ சொன்னேன். வீட்டுக்கு வந்து மீன் வாங்கிக் குழம்பு வைத்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

கோயிலில் நாளைய சமையலுக்குக் காய்கறி வேலை. பெண்கள் எல்லாரும் அரிவாள்மணையோடு வட்டமாக உட்கார்ந்தோம். என்னை வெங்காயம் உரிக்கச் சொன்னார்கள். வேண்டாம், தேங்காய் துருவுகிறேன் என்றேன். அழுதால் பழியை வெங்காயத்தின்மேல் போடலாம்தான், எனக்கு அந்தச் சௌகரியம் வேண்டாம்.

"ஒங்க மவன் வாரானா?" என்று தவமணி கேட்டாள். எனக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள்.

"வாரான்."

"எந்த வண்டிக்கு?"

"கார்லதான்" என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் போன். லீவு கிடைக்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமைக்கு எதற்கு லீவு என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது.

பந்தியில் உட்கார்ந்தேன். இடது பக்கம் தவமணியின் குடும்பம், பேரன்கள் உட்பட ஒரு வரிசை. வலது பக்கம் ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டிருந்தேன், எனக்கே தெரியாமல். பரிமாறுகிற பையன் அங்கேயும் இலை போட வந்தான். "யாரும் வரல, தள்ளிப் போடு" என்றேன். இலையில் விழுந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். எனக்குத் துக்கமாக இருந்தது, அதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

எழுந்து கை கழுவியபோது முடிவு செய்துவிட்டேன். கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளையிடம் தூக்குச்சட்டியை நீட்டி, கறி போடச் சொன்னேன். வீட்டில் அதைச் சுண்ட வைத்து இறக்கினேன். டிவிக்கு அடியிலிருந்த பாரம், பிரிண்ட் எடுத்த படங்கள், மாற்றுச் சேலை, எல்லாம் பைக்குள் போயிற்று. ரஹ்மத் எப்படியோ ராத்திரி ரயிலுக்குச் சென்னைக்கு ஒரு டிக்கெட் வாங்கிக் கொடுத்தாள். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்கு வாங்க என்பான், எந்த வீடு என்று அவனுக்கே தெரியாமல் திண்டாடுவான்.

ஆகஸ்ட் 4, திங்கள். திரும்பும் ரயிலில்

ரயில் ஆடுகிறது, எழுத்து கோணல். பரவாயில்லை.

எழும்பூரில் இறங்கி, ஸ்டேஷனிலேயே குளித்து, கடையில் பொங்கல் சாப்பிட்டு, பகல் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் ஆட்டோக்காரரிடம் படத்தைக் காட்டினேன். வீட்டு முகவரி இல்லையா என்றார். மகனைப் பார்க்கப் போக என்னிடம் இருந்த முகவரி போலீஸ் எடுத்த போட்டோ மட்டும்தான்.

யானைச் சுவர் வந்தது. இன்றைக்குப் பார்த்து நிற்காமல் போனால் என்ன செய்வேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நின்றது. நோ பார்க்கிங் பலகைக்கு நேர் கீழே, வெள்ளைக் கார். கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். முன்கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா!"

"கதவப் பூட்டிக்கிட்டு இருக்கக் கூடாதா? எவளும் ஏறி உக்காரலாம் போல."

"எப்படிம்மா… இந்த இடம் ஒங்களுக்கு…"

படங்களை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினான். சட்டை, தலையணை, வாளி. காதெல்லாம் சிவந்துவிட்டது.

"எல்லாத்தையும் நீங்களா கட்டினீங்க?"

"பின்ன? ஒங்கப்பாவா எந்திரிச்சி வந்து கட்டுவாரு?"

"இங்கன ஃபைனே போட மாட்டாங்கன்னு நெனச்சேம்மா. எனக்கு ஒண்ணுமே வரலையா, அதான். மத்த ஆளுங்ககிட்டகூட தைரியமா நிப்பாட்டுங்கன்னு சொல்லிட்டேன்."

"எத்தன பேருகிட்ட?"

"நாலஞ்சு பேரு. பாவம், ஒருத்தரு இப்ப என்கூடப் பேசுறதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. அவன் சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆயிற்று. ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். முதுகைத் தடவிக்கொடுத்தேன். எலும்பு எலும்பாக இருந்தது. எனக்கும் கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

நான் எதுவும் கேட்கவில்லை, அவனே சொன்னான். மார்ச்சிலிருந்து ஷைனி பிள்ளையோடு அவள் அம்மா வீட்டில். அடித்துக்கொள்ளவில்லை, பேச்சு நின்றுபோயிற்று, அவ்வளவுதானாம். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டான். பழைய வேலை போய், இப்போது இரவு ஷிப்டு. ஐந்து பேர் இருக்கிற அறையில் இவன் கட்டிலில் பகலில் வேறொருவன் படுப்பான், வேலை முடிந்து வந்து தூங்க இவனுக்குக் கார்தான். பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பார்க்கலாம். மற்ற நாளில் பள்ளிக்கூட வாசலுக்கும் வேனுக்கும் இடையில் அவள் நடக்கிற தூரம்தான். அதற்கு இந்த இடத்தில் நிறுத்தினால்தான் தெரியும். நடுவில் வராமல் போனது காய்ச்சலால். நினைத்தேன்.

"ஏன்ய்யா எங்கிட்ட சொல்லல?"

"நீங்களே தனியா இருக்கீங்க. ஒங்களுக்கு எதுக்கும்மா இது வேற?"

"தனியா இருக்கவகிட்டத்தாம்ல சொல்லணும். எனக்கு வேற என்ன சோலி இருக்கு?"

தூக்குச்சட்டியைத் திறந்தேன். வாசனை வந்ததும் "அசனக் கறி" என்றான், சின்னப் பிள்ளை மாதிரி. பன் வாங்கி வைத்திருந்தேன். தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டோம். பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தால், பின்னால் ஒரு போலீஸ்காரர் போனை உயர்த்தி நிற்கிறார். கிப்சன் அவசரமாகச் சாவியைத் திருகப் போனான்.

"இரு. பிள்ளை இன்னும் வரல. எடுத்துக்கிடட்டும்" என்றேன்.

மணி அடித்தது. நீலப் பாவாடைக் கூட்டத்தில் அனிலாவை அவன்தான் முதலில் பார்த்தான். வேன் ஜன்னலில் உட்கார்ந்து, ஏதோ ஒரு தாளை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். தினமும் காட்டுவாளாம். என்னைப் பார்த்ததும் தாள் கையிலிருந்து நழுவியது. "ஆச்சி!" என்று கத்தியது கேட்கவில்லை, வாய் மட்டும் தெரிந்தது. வேன் போய்விட்டது. அவ்வளவு நேரம்தான். அந்த அவ்வளவு நேரத்துக்காக அவன் எத்தனை முறை மாட்டியிருக்கிறான். நானும் ஒரு போட்டோவுக்காகத்தானே வாரக்கணக்காக ரஹ்மத் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"கண்ணாடி வந்துட்டா?" என்றான்.

"ஒடஞ்சாத்தான வரதுக்கு. பேர மாத்திக்கோ, விக்காத. படுக்க எடம் வேணும்லா. பாரத்துல ஒன் நம்பரக் கொடு. இனிமே ஒனக்கே வரட்டும்."

ஊருக்கு வந்து கொஞ்ச நாள் இரு என்றேன். பிள்ளையை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றான். அதற்குமேல் வற்புறுத்த எனக்கு என்ன நியாயம் இருக்கிறது? ரயில் கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். காரை எங்கே நிறுத்தியிருக்கிறாய் என்று கேட்டேன். காதைத் தடவிக்கொண்டான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பொன்சிங் பெயருக்கு இரண்டு அபராதம். ஒன்று எழும்பூர் ஸ்டேஷன் வாசல். அதை அவனையே கட்டச் சொல்லிவிட்டேன்.

மற்றது பள்ளிக்கூடத் தெரு. பின்கண்ணாடியில் சாய்ந்த ஸ்டிக்கர், அதற்கு ஒரு பக்கம் விடைத்த காது, மறுபக்கம் நரைத்த கொண்டை. ரஹ்மத் திரையையும் என் கொண்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதையும் தம்பியே கட்டட்டும் சிஸ்டரம்மா" என்றாள். இல்லை, இது நான் கட்ட வேண்டியது, நானும்தானே உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

பிரிண்ட் எடுத்து அவருடைய படத்துக்குக் கீழே செருகி வைத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போன் வந்தது. ஷைனியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவள் குளிக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

வண்டி பேர் மாறிவிட்டதாம். கேஸ் புக்கிங்கை என் நம்பருக்கு மாற்றினேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கிப்சன் கூப்பிடவில்லை. டபுள் டியூட்டி போல. மோட்டார் மறுபடி நின்றுவிட்டது.

செப்டம்பர் 3, புதன்

அவருடைய போனுக்கு இன்றோடு ரீசார்ஜ் முடிகிறது. அதை வைத்திருக்க இனி ஒரு காரணமும் இல்லை. காலையிலிருந்து மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தச் சத்தமும் இல்லை. இனி அவன் இருக்கிறானா, சாப்பிட்டானா, மெலிந்தானா என்று எந்தப் போலீஸ்காரரும் எனக்குப் படம் எடுத்து அனுப்பப் போவதில்லை. நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேனே என்று ஒரு ஆத்திரம்கூட வந்தது. போனை அணைத்து அலமாரியில், அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்தால் என் போன் அடிக்கிறது. புதன்கிழமை, சாயங்காலம் நாலு மணி. கிப்சன்.

"என்னய்யா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. ஃபைன் விழுந்துட்டு. என் பேருக்கே வந்துட்டு. அதான் ஒங்களுக்குச் சொல்லலாம்னு."

உட்கார்ந்துகொண்டேன். "எங்க?" என்று கேட்டேன், தெரியாதது போல.

"அதே எடந்தான்."

"பிள்ளை இன்னைக்கு என்ன காட்டினா?"

அவன் சொல்ல ஆரம்பித்தான். ஒரு மயிலாம், அதற்கு ஆறு கால் போட்டிருக்கிறாளாம், ஏன் என்று ஞாயிற்றுக்கிழமை பார்க்கும்போது கேட்க வேண்டுமாம். பருப்பு அடிபிடிக்கிற வாடை வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.